சாவி குடுத்தாச்சு, அதுக்கப்புறம்?

ரோட்ல இருக்கிறவங்களுக்கு தனி வீடு குடுக்கணும்னு பேச்செடுத்தாலே "குடிகாரன் கைல வீட்டக் குடுத்தா உருப்படுமா?"ன்னு யாராவது கேட்டுடுவாங்க. அப்படி வீடு கிடைச்சவங்கள வாரா வாரம் போய்ப் பாக்குறதுதான் என் வேலை, இந்தக் கேள்விய கேட்டுக் கேட்டு காதே புளிச்சுப்போச்சு.

நான் பாக்குறவங்க யாருக்கும் ஒரே ஒரு பிரச்சனை கிடையாது. மனநோய், குடி, ஆறாத கால் புண்ணு, பழைய ஜெயில் கேஸ் எல்லாம் ஒரே ஆள்கிட்ட இருக்கும். மனநல டாக்டர்கிட்ட போனா மொதல்ல குடிய நிறுத்திட்டு வாங்கறாரு, குடி மறக்க வைக்கிற எடத்துல கேட்டா மனசு சரியில்லாதவங்கள எங்களால பாத்துக்க முடியாதுங்கறாங்க, காப்பகத்துலயோ குடிச்சிட்டு வந்தா கேட்ட சாத்திடறாங்க. பழைய முறையே இப்படித்தான். குடிய விடு, மாத்திரைய ஒழுங்கா போடு, அப்புறம் ஹாஸ்டல், அப்புறம் நாலு பேரோட ஒரு வீடு, கடைசியாதான் தனி வீடு. பரமபதம் மாதிரி, நடுவுல ஒரு பாம்பு கடிச்சா திரும்ப ரோடுதான்.

இத மாத்திப் போட்டவர் சாம் செம்பெரிஸ்ங்கற உளவியலாளர். 1992ல நியூயார்க்ல ஆரம்பிச்சாரு. மொதல்ல வீடு, மத்ததெல்லாம் அப்புறம். ஹவுசிங் ஃபர்ஸ்ட்னு இப்போ எல்லாரும் சொல்றது அதத்தான். குடிய விடணும்னு கண்டிஷன் இல்ல, வைத்தியம் பாத்தே ஆகணும்னும் இல்ல. வர்ற வருமானத்துல 30 சதவீதம் வாடகைக்குக் குடுக்கணும், வாரத்துக்கு ஒரு தடவ ஊழியர் வந்தா கதவத் தொறக்கணும், அவ்ளோதான்.

சாவி குடுக்கற அன்னைக்கு போட்டோ எடுக்க எல்லாரும் வருவாங்க, அதுக்கு அடுத்த வாரத்துல இருந்து யாரும் வர மாட்டாங்க, நிஜமான வேலையே அங்கதான் ஆரம்பிக்குது. கட்டில் இருக்கும், ஆனா ஆளு வாசல் கதவுக்குப் பக்கத்துல தரையில செருப்ப கழட்டாம படுத்திருப்பாரு. பையில இருக்கிறத எடுத்து அலமாரில வைக்க மாட்டாரு. ராத்திரி அந்த அமைதிய தாங்க முடியாம பழைய எடத்துக்கே போய் படுத்துட்டு காலைல வர்றவங்களும் உண்டு. "வீடு குடுத்தும் இப்படியா"ன்னு கோவப்படறவங்களுக்கு, வருஷக்கணக்கா அரைத்தூக்கத்துல ஒரு கண்ணு முழிச்சே தூங்கினவங்களுக்கு பூட்டின ரூம்ல தூக்கம் வராதுங்கறது புரியவே மாட்டேங்குது.

அதவிட பெரிய தலைவலி கூட்டாளிங்க. ஒருத்தருக்கு வீடு கிடைச்சா பழைய சகவாசம் மொத்தமும் உள்ள வந்துடும், சில நேரம் வீடு கிடைச்சவரயே மூலைல உக்கார வச்சிட்டு போதைப்பொருள் விக்கிறவங்க அந்த எடத்தப் புடிச்சுக்குவாங்க. ரோட்ல இருந்தப்போ சாப்பாட்ட பகிர்ந்துக்கிட்டவங்கள வெளிய போன்னு எப்படி சொல்லுவாரு? பக்கத்துல நின்னு அதச் சொல்ல வைக்க ஒரு ஆள் வேணும்.

ஆனா அந்த ஆளும் வீட்டு ஓனரும் ஒரே ஆளா இருக்கவே கூடாது. இதுல நான் ரொம்ப கறார். "இன்னைக்கு என்னப் பாக்காத, போ"ன்னு வீட்ல இருக்கிறவரு என்ன விரட்டலாம், அதுக்காக வீடு போகக் கூடாது. வீடு போச்சுன்னா கூட நான் அவர விடக் கூடாது, இன்னொரு வீடு பாக்கணும். ரெண்டையும் ஒரே கைல குடுத்தா அது காப்பகம்தான், பேரு மட்டும் வீடு.

இதெல்லாம் வேலைக்கு ஆகுமான்னா, கனடாவுல 2009ல இருந்து 2013 வரைக்கும் அஞ்சு ஊர்ல சுமார் 2000 பேர வச்சு பாத்தாங்க. கடைசி ஆறு மாசம் முழுக்க வீட்லயே இருந்தவங்க இந்த முறைல 62 சதவீதம், வழக்கமான உதவி மட்டும் கிடைச்சவங்கள்ல 31 சதவீதம். அதே ஆறு மாசத்துல இந்த முறைலயும் 16 சதவீதம் பேருக்கு வீடு நிக்கவே இல்ல, குடி போதை விஷயத்துலயும் ரெண்டு பக்கத்துக்கும் பெருசா வித்தியாசம் தெரியல. இத ஆதரிக்கிறவங்க இந்தப் பகுதிய மட்டும் நைசா முழுங்கிடறாங்க, எதுக்கு? குடிய நிறுத்தறதுக்கா வீடு குடுத்தோம்?

ஃபின்லாந்து இன்னும் ஒரு படி மேல போயிடுச்சு, பழைய காப்பகங்களையே உடைச்சு தனித்தனி ஃபிளாட்டா மாத்திட்டாங்க. நம்ம பக்கம், சென்னைல மனநலத்துக்காக வேலை செய்யற பானியன் தொண்டு அமைப்போட 'ஹோம் அகெய்ன்' திட்டம் வேற மாதிரி. வருஷக்கணக்கா மனநல காப்பகத்துலயே இருந்தவங்க நாலஞ்சு பேரா சேந்து சாதாரண தெருவுல வாடகை வீட்ல இருப்பாங்க, கூட ஒரு உதவியாளர். எல்லாருக்கும் தனிமை ஒத்துக்காது, அதனால இதுவும் சரியான வழிதான்னு நினைக்கிறேன், யாரோட இருக்கணும்னு அவங்களே முடிவு பண்ற வரைக்கும்.

பணம்னு வந்தா கட்டடத்துக்கு எப்படியோ கிடைச்சிடும், கல்வெட்டுல பேரு வருதுல்ல. என்ன மாதிரி போய்ப் பாக்குற ஆளுக்கான சம்பளத்துலதான் மொத வெட்டு விழும். ரொம்ப கஷ்டத்துல இருக்கிறவங்களுக்கு பத்து பேருக்கு ஒரு ஊழியர்ங்கறதுதான் கணக்கு, அதுவே முப்பது நாப்பதுன்னு ஏறிச்சுன்னா நான் வீட்டுக்குப் போய்ப் பாக்குறது நின்னு போன்ல "நல்லா இருக்கீங்களா"ன்னு கேக்குறதோட முடிஞ்சுடும், அவரும் நல்லா இருக்கேன்னுதான் சொல்லுவாரு. அடுத்த தடவ யாராவது இத்தன வீடு குடுத்தோம்னு சொன்னா, போய்ப் பாக்க எத்தன பேர போட்டிருக்கீங்கன்னும் கேளுங்க.