இரவில் நடக்காத இருள் வினை: பிஜி டிஆர்பி தாவரவியல், என் இரண்டாம் முயற்சி

அரசுப் பள்ளி முதுநிலை ஆசிரியர் பணிக்கான பிஜி டிஆர்பி தேர்வில், சான்றிதழ் சரிபார்ப்புப் பட்டியலில் என் எண் வந்துவிட்டது. பணி ஆணை கைக்கு வந்த பிறகு எழுதலாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அதற்குள் கோபம் ஆறிப்போகும். கோபம் இருக்கும்போது எழுதினால்தான் உங்களுக்கு உபயோகம்.

கோபம் வேறு யார் மேலும் இல்லை, என் மேல்தான். போன முறை ஒரே ஒரு மதிப்பெண்ணில் போனது. எந்தக் கேள்வியில் போனது என்றும் தெரியும். கேம் தாவரங்களில் (கள்ளி மாதிரி வறட்சி தாங்கும் செடிகள்) கால்வின் சுழற்சி, அதாவது கார்பன் டை ஆக்சைடைச் சர்க்கரையாக்கும் வினைத் தொடர், எப்போது நடக்கிறது என்ற மாதிரியான கேள்வி. கேம் தாவரம் இரவில்தான் இலைத்துளையைத் திறக்கும். கார்பன் டை ஆக்சைடு இரவில்தான் உள்ளே வரும். கால்வின் சுழற்சிக்கு இன்னொரு பெயர் இருள் வினை. மூன்றையும் மனசுக்குள் கூட்டினேன், ‘இரவு’ என்று குறித்தேன், அடுத்த கேள்விக்குப் போய்விட்டேன். பத்து விநாடி ஆகியிருக்காது. இத்தனைக்கும் ஒன்பது வருஷமாகத் தனியார் பள்ளியில் பதினொன்றாம் வகுப்புக்கு இதே பாடத்தை நடத்துகிறவள் நான்.

அதனால் முதல் வேலையாக, உங்கள் குறிப்பேட்டில் ‘இருள் வினை’ என்று எங்கெல்லாம் இருக்கிறதோ அங்கெல்லாம் சிவப்பு மையால் அடித்துவிடுங்கள். ‘கார்பன் நிலைநிறுத்தம்’ என்று எழுதிக்கொள்ளுங்கள். ஒளி அதற்கு நேரடியாகத் தேவையில்லை என்பதற்காக வைத்த பெயர் அது. பழைய புத்தகங்களில் பிளாக்மேன் வினை என்று இருப்பதும் இதுதான். ஆனால் பச்சை இலைக்குள் அது பகலில்தான் ஓடுகிறது. வெளிச்சம் பட்டதும் புரோட்டான்கள் தைலகாய்டுக்குள் (பசுங்கணிகத்தின் உள்ளே இருக்கும் சவ்வுப் பை) போகின்றன, அதைச் சுற்றியுள்ள திரவமான ஸ்ட்ரோமாவின் பிஎச் 8 பக்கம் ஏறுகிறது, மக்னீசியம் அயனி ஸ்ட்ரோமாவுக்கு வருகிறது. கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்கும் நொதியான ரூபிஸ்கோ வேலை செய்ய இதெல்லாம் வேண்டும். கால்வின் சுழற்சியின் வேறு சில நொதிகளைத் தையோரெடாக்சின் என்ற சிறு புரதம் தட்டி எழுப்புகிறது. அதற்கு எலக்ட்ரான் தருவது ஃபெரிடாக்சின் என்ற இன்னொரு புரதம், ஃபெரிடாக்சினுக்குத் தருவது ஒளிவினை. விளக்கை அணைத்தால் ஒளிவினை தரும் ஆற்றல் மூலக்கூறுகளான ஏடிபியும் என்ஏடிபிஎச்சும் நிற்பது மட்டுமில்லை, நொதிகளும் தூங்கப் போய்விடும்.

இதைப் புத்தகத்தில் நாலு தடவை படித்தும் எனக்கு ஏறவில்லை. ஏற்றிவிட்டது ஆச்சி.

அம்பாசமுத்திரத்தில் எங்கள் வீட்டு வாசலில் ரணகள்ளி நிற்கிறது, அதுவும் கேம் தாவரம்தான். கட்டிப்போட்டால் குட்டிபோடும் என்று சொல்வோமே, அதே செடிதான். சிறுநீரகக் கல்லுக்கு என்று ஆச்சி தினமும் விடியற்காலையில் ஒரு இலை பறித்துத் தின்பாள். (மருத்துவம் பற்றி என்னிடம் கேட்காதீர்கள்.) ஒருநாள் சாயங்காலம் சும்மா ஒரு இலையைப் பறித்து வாயில் போட்டேன். பார்த்துவிட்டுச் சிரித்தாள்.

“ஏட்டி, வெள்ளனே பறிச்சுத் தின்னாத்தான் புளிக்கும். பொழுது சாஞ்சா சப்புனுல்லா இருக்கும்.”

மறுநாள் ஐந்து மணிக்கு எழுந்து ஒரு இலை, பன்னிரண்டு மணிக்கு ஒரு இலை, ஆறு மணிக்கு ஒரு இலை. காலை இலை நாக்கைச் சுண்டியது. மதியம் புளிப்பு பாதிதான் இருந்தது. மாலையில் வெறும் தழை. ராத்திரி முழுக்க பிஇபி கார்பாக்சிலேஸ் என்ற நொதி கார்பன் டை ஆக்சைடைப் பிடிக்க, செடி அதை மாலிக் அமிலமாக வாக்குவோலில் (செல்லின் சேமிப்புப் பை) அடைத்து வைக்கிறது, அதனால் விடியலில் புளிப்பு. பகலில் இலைத்துளையை மூடிக்கொண்டு அந்த மாலிக் அமிலத்தை உடைத்து, வரும் கார்பன் டை ஆக்சைடை ரூபிஸ்கோவுக்குக் கொடுக்கிறது. சாயங்காலத்துக்குள் சரக்கு தீர்ந்துவிடும். அப்படியானால் கால்வின் சுழற்சி எப்போது? பகலில். இனி ஜென்மத்துக்கும் மறக்காது.

பெஞ்சமின் ஹெய்ன் என்று ஒரு ஜெர்மன்காரர், தரங்கம்பாடிக்கு மிஷனரியாக வந்து பிறகு கிழக்கிந்தியக் கம்பெனியில் தாவரவியலாளராக இருந்தவர். இதே செடியின் இலை காலையில் புளிப்பதையும் நேரம் ஆக ஆகப் புளிப்பு போவதையும் நாக்கில் வைத்துப் பார்த்துத்தான் எழுதினார். லண்டன் லின்னேயன் சங்க வெளியீட்டில் அது 1815-இல் வந்தது. வரலாற்றுக் கேள்விக்கு ஆகும், வைத்துக்கொள்ளுங்கள்.

இந்த முறை நான் செய்தது ஒன்றே ஒன்றுதான். ஒவ்வொரு வினைக்கும் எங்கே, எப்போது என்று இரண்டு கட்டம் போட்டேன். மற்றதெல்லாம் அதற்குப் பிறகு. நீர் பிளப்பு: தைலகாய்டின் உட்பக்கம், பகல். சி4-இல் (முதலில் நாலு கார்பன் சேர்மம் உண்டாகும் தாவரங்கள்; மூன்று என்றால் சி3) முதல் பிடிப்பு: இலையிடைத் திசு, பகல். சி4-இல் கால்வின்: கற்றை உறை (நரம்பைச் சுற்றிய செல்கள்), பகல். கேமில் முதல் பிடிப்பு: இலையிடைத் திசு, இரவு. கேமில் கால்வின்: அதே செல், பகல். சி4 இடத்தைப் பிரிக்கிறது, கேம் நேரத்தைப் பிரிக்கிறது. சங்கரன்கோவில் பக்கம் பஸ்ஸில் போனால் கரிசலில் மக்காச்சோளம், இங்கே ஆற்றுப் பாசனத்தில் நெல், வேலியோரம் சப்பாத்திக்கள்ளி. சி4, சி3, கேம் மூன்றும் ஜன்னல் வழியாகவே வந்துவிடும்.

மனப்பாடம்தான், வேறு வழியில்லை:

ஒரு குளுக்கோஸுக்கு சி3-இல் 18 ஏடிபி, 12 என்ஏடிபிஎச். சி4-இல் 30 ஏடிபி, அதே 12.
ஹில் 1937. தனியே பிரித்த பசுங்கணிகம் வெளிச்சத்தில் ஆக்சிஜன் விடும்.
ரூபன், கேமன் 1941. ஆக்சிஜன் வருவது நீரிலிருந்து, கார்பன் டை ஆக்சைடிலிருந்து அல்ல.
ஜாகன்டார்ஃப் 1966. பிஎச் 4-இல் ஊறவைத்த தைலகாய்டை பிஎச் 8-க்கு மாற்றினார், இருட்டிலேயே ஏடிபி வந்தது. (இருட்டு என்ற சொல் உண்மையாகவே பொருந்துகிற இடம் இது ஒன்றுதான்.)
கால்வினுக்கு நோபல் 1961.
ஒரு நைட்ரஜன் மூலக்கூறை அம்மோனியாவாக்க 16 ஏடிபி.
அத்தியாவசியத் தனிமங்கள் 17. அதற்கான நிபந்தனைகள் அர்னான், ஸ்டவுட் 1939.

கனிம ஊட்டத்தில் எல்லாரும் பட்டியலைத்தான் உருப்போடுகிறார்கள். நானும் அப்படித்தான் இருந்தேன். வீரவநல்லூரில் மாமா பிசானப் பருவத்துக்கு நெல் போட்டிருந்தார். வயலில் நின்றுகொண்டு, “அடி இல மஞ்சளானா யூரியா கேக்குதுன்னு அர்த்தம். குருத்து வெளுத்தா அது வேற நோவும்மா” என்றார். தேர்வில் கேட்பது இதைத்தான். நைட்ரஜன், பாஸ்பரஸ், பொட்டாசியம், மக்னீசியம் நகரக்கூடியவை, செடி கிழட்டு இலையிலிருந்து உருவிக் குருத்துக்குக் கொடுத்துவிடும். அதனால் குறை முதலில் கீழே தெரியும். கால்சியம், இரும்பு, போரான் வைத்த இடத்தை விட்டு நகராது, குறை குருத்தில் தெரியும். மக்னீசியம், இரும்பு இரண்டில் எது குறைந்தாலும் நரம்பு பச்சையாக நிற்க, இடையில்தான் வெளுக்கும். ஆகவே ‘எந்த இலையில்’ என்று கேள்வியில் இருக்கிறதா என்று முதலில் பாருங்கள். மறுபடி அதே ‘எங்கே’தான். துத்தநாகம் குறைந்தால் நெல்லில் கைரா நோய், இலையில் துரு நிறப் புள்ளி. மாமா ஜிங்க் சல்பேட் போடுவார், நோயின் பெயர் அவருக்குத் தெரியாது.

நெல் அறுத்த வயலில் உளுந்து போட்டிருந்தால் ஒரு செடியை வேரோடு பிடுங்கி, முடிச்சை நகத்தால் கீறிப் பாருங்கள். உள்ளே இளஞ்சிவப்பாக இருந்தால் அது லெக்ஹீமோகுளோபின் என்ற புரதம். காற்று நைட்ரஜனை நிலைநிறுத்தும் நொதியான நைட்ரோஜினேஸுக்கு ஆக்சிஜன் ஆகாது, அதைக் கட்டுக்குள் வைக்கத்தான் இது.

புளோயம் (இலையில் செய்த உணவைக் கடத்தும் திசு) வழிக் கடத்தலுக்குப் பதநீரை நினைத்துக்கொள்ளுங்கள். பாளையைச் சீவினால் வடிவது புளோயச் சாறு. அதில் உள்ள சர்க்கரையில் பெரும்பகுதி சுக்ரோஸ். குளுக்கோஸ் என்று குறித்துவிட்டு வராதீர்கள். முன்ச் 1930-இல் சொன்ன அழுத்த ஓட்டக் கொள்கையில் ‘தேக்கிடம்’ (சர்க்கரை போய்ச் சேரும் இடம்) என்று வருமே, சீவிய பாளை அப்படி ஒன்று.

ஒட்டுண்ணிகளில் ஒரு சிக்கல்தான். மாமரத்தில் நிற்கும் புல்லுருவிக்குப் பச்சை இலை உண்டு, தன் உணவைத் தானே சமைக்கும். மரத்திடம் திருடுவது தண்ணீரும் உப்பும்தான், எனவே பகுதி ஒட்டுண்ணி. சந்தனமும் பகுதிதான், அது வேரில். கஸ்குட்டா என்ற இலையில்லாத கொடி முழு ஒட்டுண்ணி. இதற்கு மேல் படிக்க வேண்டாம், நேரம் வீண்.

படிக்கும் முறை பற்றி நிறையப் பேர் கேட்டார்கள். நான் மெதுவாகப் படிக்கிறவள். அதிகாலை நாலு முதல் ஆறு வரை மட்டும், தனியாக. இரவு பதினொரு மணிக்கு மேல் படிக்கிறவர்களுக்கு என்னிடம் யோசனை இல்லை. வாட்ஸ்அப் குழுக்கள் ஏழிலிருந்தும் வெளியே வந்தேன். அங்கே ஒளிச்சுவாசத்தைப் பற்றிய பேச்சைவிடக் கட்ஆஃப் பற்றிய பேச்சுதான் அதிகம். மாதிரித் தேர்வு மூன்றே மூன்று எழுதினேன். போன முறை ஞாயிறுதோறும் பாளையங்கோட்டைக்குப் பஸ் ஏறிப் போய் நாற்பதுக்கு மேல் எழுதியும் அந்தப் பத்து விநாடித் தப்பு என்னை விடவில்லை. உங்களுக்கு அது ஒத்துவந்தால் எழுதுங்கள், சரி.

எந்தப் புத்தகம் என்றால், முதலில் நம் பதினொன்றாம் வகுப்புத் தாவரவியல். அதில் உள்ள படங்களை வெள்ளைத்தாளில், பார்க்காமல், அம்புக்குறியோடு வரைய வந்த பிறகுதான் பெரிய புத்தகம். இசட் வடிவத் திட்டத்தை (ஒளிவினையில் எலக்ட்ரான் போகும் வழி) நான் எத்தனை முறை வரைந்தேன் என்று என் மகள் நோட்டின் பின்பக்கங்களைக் கேட்டால் சொல்லும்.

வியாழக்கிழமை சான்றிதழ் சரிபார்ப்பு. ஒரிஜினல்களை அடுக்கி, கிராமம் விட்டுக் கிராமம் போய் வாங்கிய நடத்தைச் சான்றுகளையும் மேலே வைத்திருக்கிறேன். சந்தேகம் இருந்தால் அதற்கு அப்புறம் கேளுங்கள். கல்வியியல் பகுதியைப் பற்றி மட்டும் வேண்டாம், 30-க்கு 17தான்.