டிரில் மெஷின் இல்லாத வேலை

பழைய கலைக்கூடத்தில் ஏவி வேலை, அதாவது ஒலி-ஒளிக் கருவிகள் பொருத்தும் வேலை எடுத்தால் டிரில் மெஷினைக் கடைசியில்தான் வெளியே எடுக்க வேண்டும். சென்னையில் நூறு வருடம் தாண்டிய ஓர் ஓவியக் கூடத்தில் புரொஜெக்டரும் ஸ்பீக்கரும் பொருத்தினோம். எழும்பூரில் ஹென்றி இர்வின் வடிவமைத்து 1909-இல் திறக்கப்பட்ட விக்டோரியா நினைவு மண்டபத்தின் காலத்தை ஒட்டிய கட்டடம். செங்கல், சுண்ணாம்புக் காரை, மேலே மெட்ராஸ் டெரஸ்.

தேக்குக் கட்டைகளுக்கு மேல் செங்கலைக் குத்துவாக்கில் அடுக்கி, சுண்ணாம்புச் சாந்திலேயே பிடிக்கவைத்த கூரைதான் மெட்ராஸ் டெரஸ். கீழிருந்து துளை போட்டால் அந்த அதிர்வில் பக்கத்துக் கல்லும் சேர்ந்து தளரும். அதனால் புரொஜெக்டரைத் தொங்கவிடும் பேச்சே எழவில்லை. தரையில் தானே நிற்கிற இரும்பு ஸ்டாண்ட் அடித்து, அடியில் ரப்பர் ஷீட் கொடுத்தோம். பூச்சில்லாத சுவரில் கிளிப் அடித்தே ஆக வேண்டிய இடங்களில் மட்டும் செங்கலை விட்டுவிட்டுக் காரை இடுக்கில் அடித்தோம். காரையைக் கொத்தனார் திரும்பப் பூசிவிடுவார். அந்தக் காலத்துச் செங்கலுக்கு எங்கே போவது?

படத்தைவிடச் சத்தம்தான் அதிகம் வேலை வாங்கியது. உயரக் கூரை, கல் தரை, வழவழப்பான சுண்ணாம்புச் சுவர். ஒரு சொல்லின் வால் அடுத்த சொல்லின் தலைமேல் ஏறிவிடுகிறது. வால்யூமைக் கூட்டினால் எதிரொலியும் சேர்ந்து கூடும். சரி, பெரிய ஸ்பீக்கரே வேண்டாம் என்று, உட்காரும் பெஞ்சுகளுக்குப் பக்கத்தில் சின்னச் சின்ன ஸ்பீக்கர்களை வைத்து மெல்லப் பேசவிட்டோம். காதுக்கு அருகிலிருந்து வந்ததும் தமிழ் விளக்கம் தெளிவாகக் கேட்டது.

அப்புறம் வெளிச்சம். வெளிச்சத்தை அளக்கும் அலகு லக்ஸ். நீர்வண்ண ஓவியங்களுக்கு 50 லக்ஸ், எண்ணெய் ஓவியங்களுக்கு 200 லக்ஸ் வரை என்பது அருங்காட்சியகங்களில் பொதுவான கணக்கு. காப்பாட்சியர் மேடம் திரையில் முழு வெள்ளையை ஓடவிடச் சொல்லி, பக்கத்து நீர்வண்ணப் படத்தருகே லக்ஸ் மீட்டரைப் பிடித்தார். முள் இறங்கும்வரை பிரைட்னஸைக் குறைத்துக்கொண்டே போனோம். வாடிக்கையாளர் எப்போதும் இன்னும் பளிச்சென்று கேட்கிற தொழிலில் இது எனக்குப் புதிது. அவர் பிடிவாதம் பிடித்தது எனக்குப் பிடித்திருந்தது. வெளிச்சத்தில் வெளிறிய சாயத்தை யாராலும் மீட்க முடியாது.

இந்தப் புரொஜெக்டர் சில வருடங்களில் மாறிவிடும், அடுத்து வேறு யாரோ வருவார்கள். எந்த கிளிப் எந்த இடுக்கில் இருக்கிறது, எப்படிக் கழற்றுவது என்று படத்தோடு ஒரு ஃபைல் போட்டு அலுவலகத்தில் கொடுத்துவிட்டோம்.