அவ்வளவாப் பழக்கமில்லை

மேனேஜர் கேட்டது ஒரே கேள்வி. "அந்தப் பையன் உங்க சர்ச்சுதானே? உங்களுக்குப் பழக்கமா?"

"பார்த்திருக்கேன் சார். அவ்வளவாப் பழக்கமில்லை."

சிப்காட் தொழிற்பேட்டையில் பல வருஷமாக ஷிப்ட் பார்க்கிறேன். லாக் புக்கில் எடுக்காத அளவை எடுத்ததாக எழுதச் சொன்னபோது முடியாது என்றிருக்கிறேன். அப்படிப்பட்ட ஆள் இதில் ஏன் சறுக்கினேன் என்பதுதான் புரியவில்லை. யோசித்துப் பார்த்தால் அது முழுப் பொய்கூட இல்லை. அவன் வீட்டுக்கு நான் போனதில்லை, அவன் சம்பளம் எவ்வளவு என்றுகூடத் தெரியாது. ஆனால் பாடகர் குழுவில் என் பக்கத்தில் நின்று என் பாட்டுப் புத்தகத்தைப் பார்த்துத்தான் அவன் பாடுவான்.

தவறு அவன் பக்கமும் உண்டு. இடைவேளையில் சட்டைப் பையிலிருந்து சின்னப் புதிய ஏற்பாட்டை எடுத்துப் படிப்பான். என்னடா அது என்று யாராவது கேட்டால் போதும், மணி அடிக்கும்வரை சொல்லிக்கொண்டிருப்பான். "தம்பி, இங்க வேண்டாமே" என்று நானே சொன்னேன். "கேட்டாங்க, சொன்னேண்ணே" என்றான். மதத்தைப் பின்பற்றவும் பரப்பவும் அரசியல் சாசனத்தின் 25-ஆவது பிரிவு உரிமை தருகிறதுதான். கான்ட்ராக்ட் தொழிலாளியின் கேட் பாஸில் அது அச்சாகியிருக்காதே. யாரோ புகார் கொடுத்தார்கள். அந்த மாதத்தோடு பாஸ் நின்றது.

நான் 'நல்ல பையன் சார்' என்று சொல்லியிருந்தால் நின்றிருக்காதா? நின்றுதான் இருக்கும். இதை எனக்கு நானே நூறு தடவை சொல்லிவிட்டேன். அப்புறம் இன்னொன்று தோன்றும்: அது நிச்சயமாகத் தெரிந்திருந்தால், சொல்லிவிட்டே வந்திருக்கலாமே.

இயேசுவின் சீடர் பேதுரு, அவரைத் தெரியவே தெரியாது என்று மறுதலித்த இடத்தில் குளிருக்குக் கரிநெருப்பு மூட்டியிருந்தார்கள் என்று யோவான் எழுதுகிறார். எனக்கு ஏசி அறை. பேதுருவின் கலிலேயப் பேச்சே அவரைக் காட்டிக்கொடுத்தது. நான் போனை எடுத்தாலே 'ஸ்தோத்திரம்' என்பது ஆலை முழுக்கத் தெரியும். ஆண்டவர் திரும்பி அவரைப் பார்த்தார் என்று லூக்கா மட்டும் சொல்கிறார். அந்த அறைக்குக் கண்ணாடிக் கதவு. பையன் வெளியே ஹெல்மெட்டைக் கையில் பிடித்தபடி நின்றான். அவன் காதில் விழுந்ததா இல்லையா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. பேதுரு வெளியே போய் மனங்கசந்து அழுதார். நான் கேன்டீனுக்குப் போய் இரண்டு வடை தின்றேன்.

எங்கள் கடலூரில்தான் கரையேறவிட்டகுப்பம் இருக்கிறது. பல்லவ மன்னன் கல்லில் கட்டிக் கடலில் தள்ளியும் அப்பர் அசையாமல் மிதந்து வந்து கரையேறிய இடம் என்பார்கள். அவர் சாமி வேறு, என் சாமி வேறு. இருந்தாலும் அந்த வழியாகப் போகும்போதெல்லாம் கணக்குப் போடுவேன்: கல்லைக் கட்டியும் மிதந்தவர் இவர். பேதுரு என்ற பெயருக்கே கல் என்று அர்த்தம், இயேசு கூப்பிட்டுக் கடல்மேல் இறங்கியவர் நாலு அடி நடந்ததும் தண்ணீரில் அமிழத் தொடங்கிவிட்டார். எனக்கு யாரும் கல்லைக் கட்டவில்லை. சின்ன மகளுக்கு இரண்டாம் தவணைக் கட்டணம் பாக்கியிருந்தது, அவ்வளவுதான்.

போன மாதம் ஆராதனை முடிந்து செருப்பைத் தேடிக்கொண்டிருந்தபோது பையன் வந்தான். சேதராப்பட்டில் ஒரு கம்பெனிக்கு விண்ணப்பம் போடுகிறானாம். விசாரிக்க யாராவது ஒருவருடைய நம்பர் கொடுக்க வேண்டும்.

"அண்ணே, உங்க நம்பரைப் போட்டுக்கட்டுமா? கூப்பிட்டா என்னைத் தெரியும்னு சொல்லுவீங்கல்ல?"

அவன் முகத்தில் ஒன்றும் தெரியவில்லை. குத்திக் காட்டினானா, சாதாரணமாகத்தான் கேட்டானா?

"போட்டுக்கப்பா."

ஆலைக்குள் போன் கொண்டுபோகக் கூடாது, கேட்டில் வாங்கி வைத்துவிடுவார்கள். ஷிப்ட் முடிந்து வந்ததும் இப்போதெல்லாம் முதலில் மிஸ்டு கால் இருக்கிறதா என்றுதான் பார்க்கிறேன். இதுவரை இல்லை. இல்லை என்று பார்த்ததும் கொஞ்சம் நிம்மதியாக இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும்.