ஆல்கான்டாரியாவின் ஆட்டம் நின்றது

தொட்டி மாற்றி இன்றோடு ஏழு வாரம். காலையில் அடி இலைகள் இரண்டைப் பிடித்து மெல்ல அசைத்துப் பார்த்தேன். போன மாதம் வரை விழப்போகும் பல்லைப்போல் ஆடிக்கொண்டிருந்த செடி, இன்று அசையவே இல்லை. குனிந்து பார்த்தால் இலைகள் தண்டோடு சேரும் கழுத்துக்குக் கீழே, பட்டைத் துண்டுகளுக்கு நடுவே, அரிசிமணி போல வெள்ளையாக நான்கைந்து வேர்நுனிகள். அவ்வளவு சந்தோஷம்!

செடி ஆல்கான்டாரியா இம்பீரியாலிஸ், சிவப்பு வகை; அன்னாசிக் குடும்பத்துச் செடிகளான புரோமிலியாட்களில் ஒன்று. என்னிடம் நான்கு வருடமாக இருக்கிறது, இப்போது குறுக்களவு 92 செ.மீ. இதற்கு முன் வைத்திருந்ததை நான்தான் கொன்றேன். ஆட்டத்தை நிறுத்துவதாக நினைத்துக் கழுத்துவரை மண்ணைக் குவித்துவிட்டேன். மூன்றே வாரத்தில் நடு இலையைத் தொட்டதும் கையோடு வந்துவிட்டது. அடியெல்லாம் பழுப்பாகக் கூழாகி, வீச்சம். பிரேசிலில் ரியோ டி ஜெனீரோவை ஒட்டிய ஓர்காவ்ஸ் மலைத்தொடரில் இது செங்குத்தான கருங்கல் பாறைகளில் ஒட்டிக்கொண்டு வளர்கிற செடி. அங்கே வேரின் முக்கிய வேலை பிடித்துக்கொள்வதுதான். தண்ணீரையும் சத்தையும் பெரும்பாலும் இலையடியில் தேங்கும் நீரிலிருந்து இலையே உறிஞ்சிக்கொள்ளும். அப்படிப்பட்ட செடியின் கழுத்தை ஈரமண்ணில் புதைத்தால் அழுகாமல் என்ன செய்யும்?

சரி, புதைக்கக்கூடாது. ஆனால் ஒரு மீட்டர் அகலம், இலைகளுக்குள் லிட்டர் கணக்கில் தண்ணீர், அடியில் கைப்பிடி வேர். எப்படி நிற்கும்? இந்த ஒரு விஷயத்தில்தான் என் நேரமெல்லாம் போனது.

முதலில் அடியில் காய்ந்த இலைகளை எடுத்தேன். இழுத்தால் வராது; பலமாக இழுத்தால் தண்டின் தோலும் சேர்ந்து உரியும். இலை நுனியிலிருந்து அடிவரை நடுவில் நேராகக் கிழித்து, இரண்டு பாதியையும் ஆளுக்கொரு பக்கமாக இழுத்தால் சுத்தமாகக் கழன்றுவிடும். ஆறு இலை எடுத்ததும் தண்டில் வேர்முட்டுகள் தெரிந்தன. சில வேர்கள் காய்ந்த இலைகளின் இடுக்கிலேயே சுற்றிக்கொண்டு கிடந்தன. அவற்றை அறுக்காமல் கீழ்நோக்கித் திருப்பிவிட்டேன்.

அடுத்தது முட்டுக்கொடுப்பது. கலவையை நிரப்பிய பிறகு மூன்று குச்சிகளைக் குத்தி வைத்தது தப்பு. பட்டை, எரிமலைக்கல், கொஞ்சம் கரித்துண்டு என்று அவ்வளவு பொலபொலப்பான கலவையில் குச்சி எதைப் பிடித்து நிற்கும்? செடியோடு சேர்ந்து குச்சியும் ஆடியது. எல்லாவற்றையும் கொட்டிவிட்டு மறுபடி தொடங்கினேன். இந்த முறை வெறும் தொட்டியில் மூன்று மூங்கில் குச்சிகளையும் அடித்தளத்தில் ஊன்றி, முஷ்டியளவு கற்களால் இறுக்கி, விளிம்பில் கட்டிவிட்டுத்தான் கலவையைப் போட்டேன். கடைசிப் பச்சை இலையின் அடி, கலவைக்கு மேல் ஒரு விரற்கடை நிற்கிற மாதிரி உயரம் வைத்தேன். பழைய பருத்தித் துணியைக் கிழித்து, தண்டில் ஒரு சுற்று, குச்சியில் ஒரு சுற்று. இலையில் எங்கும் கட்டவில்லை.

கைக்கு எட்டிய இடத்தில் செம்புக்கம்பிதான் இருந்தது. தயவுசெய்து அதைத் தொடாதீர்கள். புரோமிலியாட்களுக்குச் செம்பு விஷம். செம்பு கலந்த பூஞ்சைக்கொல்லிக்கும் இதே கதைதான்.

முதல் மூன்று வாரம் ஓர இலைகளில் தண்ணீர் தேங்க விடவில்லை, நடுக்குழியில் மட்டும் கொஞ்சம். பாரம் குறைந்ததே பாதி உதவி. இப்போது பழையபடி நிரப்புகிறேன், கொசுப்புழு சேராமல் வாரம் ஒருமுறை குழாயால் பீய்ச்சிப் பழைய நீரை வெளியேற்றுகிறேன். பெயர்ப்பதற்கு முன் வெயில் பக்கத்து இலையில் ஒரு நூல் கட்டி, புதிய தொட்டியிலும் அதே பக்கம் வெயிலைப் பார்க்க வைத்ததால் ஓர் இலைகூடப் பொசுங்கவில்லை. ஒரே குறை, இலையின் மேலிருந்த வெண்பூச்சில் என் விரல்தடங்கள். அது திரும்பி வராது. அந்த இலைகள் காய்ந்து உதிரும்வரை தெரியும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று. ஒருவரிடம் இம்பீரியாலிஸ் என்று சொல்லி வாங்கிய கன்று வளர்ந்து வேறு ஏதோவாக நின்றது. சின்ன வயதில் இந்த இனமெல்லாம் ஒன்றுபோலத்தான் இருக்கும். கன்றை மட்டும் பார்த்து வாங்காமல், தாய்ச்செடியின் படத்தையும் கேளுங்கள்.

பூக்கப் பத்து வருடம், அதற்கு மேலும் ஆகலாம். ஆளுயரத்தைத் தாண்டிப் பூந்தண்டு எழும்பும், பூத்து முடிந்ததும் தாய்ச்செடி போய்விடும். அதனால் இப்போதே அடியில் புல்போல முளைத்திருக்கும் மூன்று குட்டிகளின்மேல் கண் வைத்திருக்கிறேன். ஒரு சாண் வந்ததும் பிரித்து, ஒன்றையாவது தொட்டியே இல்லாமல் கல்லிடுக்கில் ஏற்றிப் பார்க்க வேண்டும். பிரேசிலின் தோட்ட வடிவமைப்பாளர் ராபர்ட்டோ பர்லே மார்க்ஸ் வடிவமைத்த தோட்டங்களில் பெரிய புரோமிலியாட்கள் நிற்கிற படங்களைப் பார்த்ததிலிருந்தே இந்த ஆசை. கல் இரண்டு பார்த்து வைத்திருக்கிறேன்.

குச்சிகளை இன்னும் எடுக்கவில்லை. அடுத்த வாரம் ஒரு முடிச்சை மட்டும் அவிழ்க்கப் போகிறேன்.