டிரஸ்ட் சொத்து மதிப்பீடு: பட்டாவைப் பார்த்து உரிமையாளர் பெயர் எழுதாதீர்கள்

கடனுக்காக நான் எழுதிக் கொடுத்த சொத்து மதிப்பீட்டு அறிக்கையைக் கடைசியில் வங்கி ஏற்றுக்கொண்டது. ஆனாலும், "பட்டாவில் என்ன பெயர் இருக்கிறதோ அதையே போட்டுக் கொடுங்கள் சார், எதற்கு இவ்வளவு ஆராய்ச்சி?" என்று கடன் பிரிவில் கேட்டது இன்னும் உறுத்துகிறது. அந்தப் பெயரை எழுதியிருந்தால், இறந்துபோன ஒருவரை உரிமையாளர் என்று கையெழுத்துப் போட்டுச் சொன்னதாகியிருக்கும். அதைவிட மோசம், தன் காரியத்தைத் தானே பார்த்துக்கொள்ள இயலாத ஒரு பெண்ணுக்காக ஒதுக்கிய நிலம், அவருடைய அண்ணன் வாரிசுகளின் நிலமாகக் காகிதத்தில் ஏறியிருக்கும்.

சொத்து கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒரு மாந்தோப்பு. பெரும்பாலும் பெங்களூரா மரங்கள். பழைய கிணறு, ஓட்டு வீடு. ஆழ்துளைக் கிணறும் சொட்டுநீர்க் குழாயும் போடக் கடன் கேட்டிருந்தார்கள். அளவெடுப்பும் மரக்கணக்கும் சிக்கலில்லாமல் முடிந்தன. எல்லையும் புலப்படத்தோடு ஒத்துப்போனது. விண்ணப்பித்தவர் ஓய்வுபெற்ற ஆசிரியர். பட்டாவில் அவர் பெயர் இல்லை. மறைந்துவிட்ட அவருடைய மைத்துனர் பெயர் மட்டும் இருந்தது. கேட்டதற்கு, "இது மாமனார் எழுதிவைத்த டிரஸ்ட் சொத்து தம்பி. நாங்கள் பார்த்துக்கொள்கிறோம், அவ்வளவுதான்" என்றார். அவர் கையில் இருந்தது 1978-ஆம் ஆண்டுப் பத்திரத்தின் முதல் தாள், அதுவும் ஜெராக்ஸ்.

இப்போதைய புல எண்ணையும் உட்பிரிவையும் கொடுத்து வில்லங்கம் (சொத்தின் மேல் பதிவான பத்திரங்களைக் காட்டும் சான்று) போட்டால், எந்தப் பதிவும் இல்லை என்று வந்தது. சார்பதிவாளர் அலுவலகத்தில் ஜெராக்ஸை நீட்டினேன். தலைப்பில் 'தர்மபுரி மாவட்டம்' என்று பார்த்ததும் எழுத்தர், "இது தர்மபுரிப் பத்திரம், அங்கே போய்க் கேளுங்கள்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டார். கிருஷ்ணகிரி தனி மாவட்டமானதே 2004 பிப்ரவரி 9-இல்தான். அதற்கு முந்தைய பத்திரம் எல்லாவற்றிலும் தர்மபுரி என்றுதானே இருக்கும் என்றேன். காதில் வாங்கவில்லை. வெயிலில் பஸ் பிடித்துத் தர்மபுரி போனால், அங்கே இருந்த ஒரு பெரியவர் தாளைத் திருப்பி, பின்பக்கத்தில் கருப்பாக அப்பிக்கிடந்த முத்திரையை ஜன்னல் வெளிச்சத்தில் பிடித்து எழுத்துக் கூட்டி வாசித்தார். நான் புறப்பட்டு வந்த அதே அலுவலகத்தின் பெயர்! ஒரு நாள் கூலி போனது போனதுதான். பழைய பத்திரம் என்றால் மாவட்டப் பெயரை விட்டுவிட்டு முத்திரையையும் ஆவண எண்ணையும் பாருங்கள்.

வில்லங்கத்தில் வராததற்கும் காரணம் இருந்தது. 1979 முதல் 1987 வரை நடந்த யு.டி.ஆர். நில ஆவணப் புதுப்பிப்பின்போது, பழைய புல எண் உட்பிரிவாகப் பிரிந்திருக்கிறது. அப்போது வரி கட்டிக்கொண்டிருந்த மைத்துனர் பெயரில், 'டிரஸ்டி' (டிரஸ்ட் சொத்தைப் பயனாளிக்காகப் பார்த்துக்கொள்பவர்) என்ற சொல்லே இல்லாமல் பட்டாவும் ஏறிவிட்டது. பழைய எண்ணைக் கொடுத்து நேரில் தேடச் சொன்ன பிறகே 1978 பத்திரம் கிடைத்தது. புது எண்ணை மட்டும் நம்பி 'வில்லங்கம் இல்லை' என்று யாரும் எழுதிவிடக் கூடாது.

பத்திரத்தின் முழு நகலை வரிவரியாகப் படித்தேன். மகளின் ஆயுள் முழுதும் பராமரிப்புச் செலவுக்காகத் தோப்பை டிரஸ்ட் ஆக்கி, மூத்த மகனையும் (பட்டாவில் பெயர் இருந்த மைத்துனர்) மருமகனையும் (நம் ஆசிரியர்) டிரஸ்டிகளாகப் போட்டிருந்தார் அந்த மாமனார். ஒருவர் இறந்தால் இருப்பவர் வேறொருவரை நியமிக்கலாம், தோப்பை மேம்படுத்த அடமானம் வைத்துக் கடன் வாங்கலாம் என்றும் எழுதியிருந்தார். எவ்வளவு யோசித்திருக்கிறார்!

மைத்துனர் இறந்த பிறகு நியமனம் நடந்ததா? நடந்தது, பதிவும் செய்தோம் என்றார் ஆசிரியர். அசல்தான் எங்கே என்று தெரியவில்லை. அந்தப் பத்திரத்தில் சொத்து விவரம் எழுதாததால் அது நிலம், வீடு பத்திரங்களுக்கான 1-ஆம் பதிவுப் புத்தகத்தில் சேராமல், மற்றப் பத்திரங்களுக்கான 4-ஆம் புத்தகத்தில் பதிவாகியிருந்தது. 1-ஆம் புத்தகத்தில் இருப்பதுதான் வில்லங்கச் சான்றில் வரும். ஆக, இன்றைக்கு டிரஸ்டி யார் என்பதை எத்தனை முறை வில்லங்கம் போட்டாலும் கண்டுபிடிக்க முடியாது. நகல் கேட்டபோது எழுத்தர் "தர முடியாது" என்ற ஒரே சொல்லோடு நிறுத்திக்கொண்டார். சட்டப்படி அது சரிதான். பதிவுச் சட்டம் 57-ஆம் பிரிவின்படி, 4-ஆம் புத்தக நகல் பத்திரம் எழுதிக்கொடுத்தவருக்கும் அதன்கீழ் உரிமை கோருபவருக்கும் அவர்களுடைய பிரதிநிதிக்குமே கிடைக்கும். இதை வாய்விட்டுச் சொல்லியிருந்தால் மதியம் வரை பெஞ்சில் உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை. ஆசிரியரே மனுப் போட்டதும் கிடைத்துவிட்டது.

அடுத்தது பட்டா. கிராம அலுவலகத்தில் "இறந்தவரின் வாரிசுச் சான்றிதழ் கொண்டு வாருங்கள், வாரிசுகள் பெயருக்கு மாற்றலாம்" என்றார்கள். எனக்குக் கோபமே வந்துவிட்டது. டிரஸ்டியாக இருந்தவரின் பிள்ளைகளுக்கு அந்த நிலம் எப்படிப் போகும்? 1882-ஆம் ஆண்டு இந்திய டிரஸ்ட் சட்டத்தின் 76-ஆம் பிரிவு, டிரஸ்டிகளில் ஒருவர் இறந்தால், பத்திரம் வேறுவிதமாகச் சொல்லாதவரை, சொத்து மற்ற டிரஸ்டிகளிடம் போகும் என்று தெளிவாகச் சொல்கிறது. அந்தப் பக்கத்தை அச்செடுத்து, இரண்டு பத்திர நகல்களோடு மண்டலத் துணை வட்டாட்சியரிடம் வைத்தோம். நிதானமாகப் படித்துவிட்டு, டிரஸ்டிகள் பெயரிலேயே மனுவை எடுக்கச் சொன்னார். அன்று ஆசிரியரின் முகத்தைப் பார்க்க வேண்டுமே!

இது குடும்ப டிரஸ்ட் என்பதால் இந்த வழி. பொது அறக்கட்டளைக்கு 1882 சட்டம் பொருந்தாது. கோயில் சொத்தாக இருந்தால், 1959-ஆம் ஆண்டு இந்து சமய அறநிலையச் சட்டத்தின் 34-ஆம் பிரிவின்படி, ஆணையர் அனுமதி இல்லாத அடமானமும் விற்பனையும் செல்லாது. அந்த உத்தரவை முதலில் கேளுங்கள்.

அறிக்கையில் உரிமையாளர் இடத்தில் டிரஸ்டின் பெயரை மட்டும் எழுதவில்லை. சொத்து சட்டப்படி டிரஸ்டிகளிடம் இருப்பதால் இருவர் பெயரையும் 'டிரஸ்டி என்ற நிலையில்' என்று எழுதி, பயனாளியையும் இரண்டு பத்திரங்களின் எண்ணையும் குறிப்பிட்டேன். பட்டா மறைந்த டிரஸ்டி பெயரில் இருப்பதையும் மாற்றத்துக்கு மனுக் கொடுத்திருப்பதையும் தனியாகச் சேர்த்தேன். வங்கியின் சட்ட ஆலோசகர், அடமானம் வைக்க அதிகாரம் தரும் பத்தி எது என்று மட்டும் கேட்டார். பக்க எண்ணைச் சொன்னேன். டிரஸ்ட் சட்டத்தின் 48-ஆம் பிரிவுப்படி இரண்டு டிரஸ்டிகளும் சேர்ந்தே கையெழுத்திட வேண்டும் என்று எழுதிக் கோப்பை மேலே அனுப்பிவிட்டார்.