இறையியல் கல்லூரியும் இழவு வீடும்

தென் மாவட்டத்தில் பல சபைகள் சேர்ந்த சேகரம் ஒன்றில் குருவானவராக இருக்கும் எனக்கு, “நாலு வருஷம் கிரேக்கமும் எபிரெயமும் படித்து என்ன பயன்?” என்ற கேள்வி சபையாரிடமிருந்து அடிக்கடி வரும். அந்தப் படிப்பைக் குறைத்துப் பேச எனக்கு மனம் வராது. 1818இல் கேரி, மார்ஷ்மன், வார்டு ஆகிய மிஷனரிகள் தொடங்கிய செராம்பூர் கல்லூரியின் ஆட்சிமன்றம் வகுக்கும் பாடத்திட்டத்தில்தான் நானும் பி.டி. என்னும் இறையியல் பட்டம் படித்தேன். ஒரு வேதபகுதியை யார், எந்த நெருக்கடியில், யாருக்காக எழுதினார்கள் என்று கேட்டு வாசிக்கும் பழக்கம் அங்கே வந்தது. ஞாயிறுதோறும் பிரசங்க பீடத்தில் என்னைத் தாங்குவது அதுதான்.

குறை வேறிடத்தில் இருக்கிறது. என் முதல் சேகரத்தில் ஓர் இளைஞன் தன் உயிரை மாய்த்துக்கொண்டபோது, கோயில் மணி அடிக்கக் கூடாது, ஆராதனை இல்லாமல் கல்லறைத் தோட்டத்தின் ஓரத்தில் அடக்கம் செய்துவிடலாம் என்று கமிட்டியில் சிலர் உறுதியாக நின்றார்கள். இங்கிலாந்துத் திருச்சபையின் 1662ஆம் ஆண்டு ஜெபப் புத்தகம் அப்படிப்பட்டவர்களுக்கு அடக்க முறைமையை வாசிக்கக் கூடாதென்று விதித்திருந்ததையும், பழைய இறையியலாளர்களான அகஸ்டினும் அக்வினாஸும் தற்கொலையைப் பாவமென்று வாதிட்டதையும் நான் வகுப்பில் படித்திருந்தேன். ஆனால் திண்ணையில் காத்திருந்த தாயிடம் முதலில் என்ன பேசுவது என்று எந்த வகுப்பும் சொல்லவில்லை. சபைப் பணியில் குருவானவருக்கு உதவும் எங்கள் உபதேசியார்தான், “ஐயா, கமிட்டிக்காரங்ககிட்ட அப்புறம் பேசிக்கிடலாம். முதல்ல அந்த அம்மா பக்கத்துல போய் உக்காருங்க. ஜெபம்கூட இப்ப வேண்டாம்” என்றார். பையனின் தாய்மாமனுக்கு ஆள் அனுப்பியதும், எதிர்த்தவர்களை இழவு வீட்டில் கூட்டாமல் அவரவர் வீட்டிலேயே போய்ப் பார்க்க வைத்ததும் அவரே. அன்று மாலை மணி அடித்தது. முறைமை முழுவதையும் வாசித்தேன்.

அந்த மனிதருக்கு இறையியல் பட்டம் கிடையாது. அவருடைய அறிவு முறையான பயிற்சியாக மாணவர்களைச் சென்றடைய வேண்டும் என்பதே என் வேண்டுகோள். அதற்கு வழியில்லாமல் இல்லை. அமெரிக்காவில் 1925இல் ஆன்டன் பாய்சன் என்ற குருவானவர் ஒரு மனநல மருத்துவமனையில் இறையியல் மாணவர்களைச் சேர்த்துத் தொடங்கிய மருத்துவமனை மேய்ப்புப் பயிற்சி, வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியிலும் (சி.எம்.சி.) நடக்கிறது. நோயாளியிடம் தான் பேசியதையும் அவர் சொன்னதையும் வார்த்தைக்கு வார்த்தை எழுதிவந்து, மேற்பார்வையாளர் முன்னும் சக மாணவர்கள் முன்னும் வைக்க வேண்டும். எந்த இடத்தில் ஆறுதல் சொல்ல அவசரப்பட்டோம், எந்த இடத்தில் அவருடைய பயத்தைக் கேட்காமல் வசனத்துக்குத் தாவினோம் என்பது அந்தத் தாளிலேயே தெரிந்துவிடும். இது விருப்பமுள்ளவர்களுக்கு மட்டுமான தனிப் பயிற்சியாக இல்லாமல், பட்டம் பெறும் ஒவ்வொருவருக்கும் கட்டாயமாக வேண்டும்.

சேகரக் கணக்கு, சொத்துப் பத்திரம், 1872ஆம் ஆண்டு கிறிஸ்தவர் திருமணச் சட்டப்படி எழுத வேண்டிய பதிவேடு ஆகியவற்றை ஒரு நல்ல கணக்கர் சில வாரங்களில் சொல்லிக்கொடுத்துவிடுவார். துக்கத்தையும் சண்டையையும் கையாளுவது அப்படி வராது.

பழியைக் கல்லூரிகள் மேல் மட்டும் போடுவதும் நியாயமில்லை. படித்து வரும் உதவி குருவை ஆள் இல்லாத கிளைச் சபைகளுக்கு அனுப்பிவைப்பதோடு பேராயரின் கீழுள்ள பல திருமண்டலங்கள் நின்றுவிடுகின்றன. அவர் நடத்திய அடக்கங்களையும் வீடு சந்திப்புகளையும் குறித்து மாதம் ஒரு முறையாவது மூத்த குருவானவர் ஒருவர் அவரோடு உட்கார்ந்து பேச வேண்டும். குருப்பட்டம் கொடுக்குமுன் பேராயர் கேட்கும் அறிக்கையில் அதுவும் இடம்பெற வேண்டும்.