பதிவு நிற்கக் கூடாது

ஜூன் 2

கேமரா முன்னால் உட்கார்ந்து தன் கதையைச் சொல்லப் பெரியம்மா ஒருவழியாகச் சம்மதித்துவிட்டார். வெளிச்சம் மட்டும் கண்ணில் அடிக்கக் கூடாதாம்.

ஜூன் 3

இரவெல்லாம் கேமரா விவரங்களைப் படித்துக்கொண்டிருந்தேன். சென்சார் அளவு, வெளிச்சத்தையும் நிழலையும் சேர்த்துப் பிடிக்கிற டைனமிக் ரேஞ்ச், படத்தின் நுணுக்கத்தைச் சொல்லும் 6கே, 8கே. படிக்கப் படிக்க ஆசைதான் வளர்கிறது, முடிவு மட்டும் வரவில்லை. காலையில் எல்லாவற்றையும் மூடிவைத்துவிட்டு, எனக்கு என்ன வேண்டும் என்று ஒரு தாளில் எழுதினேன்.

பெரியம்மா பேச ஆரம்பித்தால் ஒன்றரை மணி நேரம் நிறுத்த மாட்டார். நடுவில் நாம் "ஒரு நிமிஷம்" என்றால் போச்சு, இழை அறுந்துவிடும். சொன்னதை மறுபடி அதே மாதிரி சொல்லவும் மாட்டார். அறையில் ஜன்னல் வெளிச்சமும் ஒரு மேசை விளக்கும்தான். இதற்கு ஈடுகொடுக்கிற கேமராதான் எனக்கு வேண்டும். 8கே அந்தத் தாளில் வரவே இல்லை.

முன்பெல்லாம் பல ஸ்டில் கேமராக்கள் 29 நிமிடம் 59 நொடியில் வீடியோவை நிறுத்திவிடும். அரை மணியைத் தாண்டினால் ஐரோப்பாவில் வீடியோ கேமராவுக்கான சுங்க வரி விழும் என்பதற்காக வைத்த வரம்பு அது. யாரோ வரி கட்டாமல் இருக்க, யாரோ ஒருவருடைய பேச்சு பாதியில் நின்றிருக்கும். அதை நினைத்தால் இப்போதும் ஆறவில்லை.

ஜூன் 4

பிளாக்மேஜிக் பாக்கெட் 6கே என்ற கேமரா இரவல் கிடைத்தது. மேசை விளக்கை மட்டும் போட்டுத் தங்கையை உட்காரவைத்து எடுத்தேன். ஐஎஸ்ஓ, அதாவது வெளிச்சத்துக்கான உணர்திறன், 3200. கன்னத்தில் வெளிச்சம் நிழலாக மாறுகிற இடத்தில் திட்டுத்திட்டாக எதுவும் இல்லை, தோல் தோலாக இருக்கிறது. மனசு அங்கேயே நின்றுவிட்டது.

அப்புறம் கணக்கு. 6144 × 3456 பிக்சல், ஒவ்வொன்றுக்கும் 12 பிட், நொடிக்கு 24 ஃபிரேம். சுருக்காமல் எழுதினால் நொடிக்கு ஏறக்குறைய 764 எம்பி. நிறத்தைப் பின்னால் மாற்ற இடம் விடுகிற பிளாக்மேஜிக் ரா வடிவத்தில், எட்டில் ஒரு பங்காகச் சுருக்கும் 8:1 என்று வைத்தால் 95 எம்பி. மணிக்கு 344 ஜிபி. 1 டிபி எஸ்எஸ்டி டிஸ்கில் மூன்று மணி நேரம்கூட முழுசாக வராது. 12:1-க்கு இறங்கினால் மணிக்கு 230 ஜிபி ஆகும்.

பெரியம்மா மொத்தம் 20 மணி நேரம் பேசுவார் என்று வைத்துக்கொள்கிறேன். 8:1-இல் கிட்டத்தட்ட 7 டிபி. மூன்று பிரதி வைத்தால் 21. தாளின் பின்பக்கம் முழுக்க இந்த எண்கள்தான்.

ஜூன் 5

தங்கை போன் செய்தாள். பெரியம்மாவின் ஆபரேஷன் தேதி முன்னால் வந்திருக்கிறது.

ஜூன் 6

இன்று முழு நாளும் ஒரு எஸ்எஸ்டியோடு போனது.

அட்டைப்பெட்டியில் நொடிக்கு 1,000 எம்பிக்கு மேல் என்று பெரிதாகப் போட்டிருந்தது. எனக்கு வேண்டியது 95. பத்து மடங்கு தாராளம் என்று நம்பி, கேமராவை ஜன்னல் பக்கம் திருப்பி ஓட விட்டேன். ஒரு ஃபிரேம் பதிவாகாமல் விட்டுப்போனால் பதிவை நிறுத்து என்கிற அமைப்பையும் போட்டிருந்தேன். முக்கால் மணி நேரத்துக்கு ஒரு குறையும் இல்லை. அப்புறம் நின்றுவிட்டது. எஸ்எஸ்டியைத் தொட்டால் கை வைக்க முடியவில்லை.

விஷயம் இதுதான். இந்த மாதிரி டிஸ்கில் ஒரு பகுதி மட்டும் வேகமாக எழுதும். வாசல் குழாயடியில் இருக்கிற சின்னத் தொட்டி மாதிரி அது: நாம் ஊற்றுவதையெல்லாம் முதலில் வாங்கிக்கொண்டு, பின்னால் இருக்கிற பெரிய தொட்டிக்கு மெதுவாக அனுப்புகிறது. சின்னத் தொட்டி நிரம்பிவிட்டால் நிஜமான வேகம் வெளியே வந்துவிடும். ஒரே செல்லில் நான்கு பிட்டைத் திணிக்கிற க்யூஎல்சி வகையில் அந்த வேகம் பழைய ஹார்ட் டிஸ்கை விடவும் குறைந்துபோகலாம். சூடு ஏறினாலும் டிஸ்க் தானாகவே வேகத்தைக் குறைத்துக்கொள்ளும். சில ஜிபி மட்டும் எழுதிப் பார்க்கிற வேகச் சோதனையில் இதெல்லாம் தெரியவே தெரியாது. காலியான டிஸ்கை, எடுக்கப்போகிற அதே தரத்தில், கடைசி வரை நிரப்பிப் பார்க்க வேண்டும். அதுவும் மூடிய அறையில், சூட்டோடு.

ஐந்தாவது நிமிடத்தில் நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. நாற்பத்தைந்தாவது நிமிடம் என்பது பெரியம்மா சூடு பிடித்து, குரல் இறங்கி, யாரிடமும் சொல்லாததைச் சொல்கிற நேரம்.

ஜூன் 6, நள்ளிரவு

எஸ்எஸ்டியைக் கேமராவோடு இணைக்கிற கேபிளைப் பற்றியும் எழுத மறந்துவிட்டேன். கேமரா பக்கவாட்டில் செருகியிருக்கும் யூஎஸ்பி-சி முனையில் பூட்டு எதுவும் கிடையாது. விரல் நுனியால் லேசாக மேலே அழுத்தினேன். டிஸ்க் காணாமல் போய்விட்டது. திருகு போட்டுப் பிடிக்கிற கிளாம்ப் இருக்கிறது, சரி. ஆனாலும் அந்த ஒன்றரை மணி நேரமும் என் கண் அந்த முனையிலேயே இருக்குமே, பெரியம்மா முகத்தில் இருக்காதே.

ஜூன் 7

எஸ்டி கார்டில் பெரிய எழுத்தில் இருப்பதைப் பார்க்காதே, அது பெரும்பாலும் படிக்கிற வேகம். வி என்ற எழுத்தையும் பக்கத்தில் இருக்கும் எண்ணையும் பார். வி30, வி60, வி90. நொடிக்கு இத்தனை எம்பிக்குக் கீழே எழுதும் வேகம் இறங்காது என்பதற்கான குறி அது.

ஜூன் 9

சோனி எஃப்எக்ஸ்3 கைக்கு வந்தது. 2021-இல் வந்த கேமரா, புதிது இல்லை. அதே அறை, அதே விளக்கு. விளக்கை இன்னும் இரண்டடி தள்ளிவைத்தேன். இதன் இரண்டாவது அடிப்படை ஐஎஸ்ஓ 12800. நிழலில் இருக்கும் கண்ணும் கண்ணாகவே தெரிகிறது. இனி பெரியம்மாவிடம் வெளிச்சத்துக்காக ஒரு வார்த்தை கேட்க வேண்டாம்.

4கே, 24 ஃபிரேம், சோனியின் பதிவு வடிவமான எக்ஸ்ஏவிசி எஸ்-ஐ. நொடிக்கு 240 மெகாபிட், எட்டால் வகுத்தால் 30 எம்பி. மணிக்கு 108 ஜிபி. வி90 கார்டு இதை மூன்று மடங்கு தாங்கும். 256 ஜிபி கார்டில் இரண்டே கால் மணி நேரத்துக்கு மேல் வரும். முக்கியமான விஷயம், இரண்டு கார்டுகளிலும் ஒரே நேரத்தில் எழுதும். பிளாக்மேஜிக் பாக்கெட்டில் ஒரு கார்டு நிறைந்தால் அடுத்ததுக்குத் தாவும், இரண்டிலும் சேர்ந்து எழுதாது.

எடிட்டருக்கு இது பிடிக்கவில்லை. அரை மணி நேரம் போனில் சண்டை. "ரா இருந்தா நிறத்தை அப்புறமா எப்படி வேணும்னாலும் மாத்தலாம். ஜன்னல் வெளிச்சம் காலையில ஒண்ணு, சாயங்காலம் ஒண்ணு. அதை நான் எப்படிச் சேர்க்கிறது?" அவர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. ராவில் ஒயிட் பேலன்ஸ், அதாவது வெள்ளையை வெள்ளையாகக் காட்டும் நிறச் சமன், படத்தோடு ஒட்டிப்போகாது, இங்கே ஒட்டிப்போய்விடும். ஆனால் 10 பிட், 4:2:2, எஸ்-லாக்3, மூன்றும் நிறத்தைத் திருத்த இடம் கொடுக்கும் அமைப்புகள். ஒயிட் பேலன்ஸை ஒரே எண்ணில் பூட்டிவைத்து, ஒவ்வொரு முறையும் தொடங்கும்போது கிரே கார்டு என்ற சாம்பல் நிற அட்டையைப் படம் எடுத்துவைத்தால் சமாளிக்கலாம். நிறம் கொஞ்சம் தள்ளியிருந்தால் திருத்திக்கொள்ளலாம். பேச்சு பதிவாகாமல் போனால் எதை வைத்துத் திருத்துவது? இதைத்தான் அவரிடம் திரும்பத் திரும்பச் சொன்னேன். "உங்க இஷ்டம்" என்று வைத்துவிட்டார்.

ஜூன் 10

பெரியம்மாவுக்கு இருமல். குரல் கம்மியிருக்கிறது.

ஜூன் 11

2011 மார்ச்சில் ஜப்பானில் நிலநடுக்கம் வந்தபோது சோனியின் செண்டாய் டேப் தொழிற்சாலை பாதிக்கப்பட்டது. எச்டிகேம் எஸ்ஆர் என்ற வீடியோ டேப்புக்கு உலகமெங்கும் தட்டுப்பாடு. பலரும் டேப்பை விட்டுக் கோப்புகளுக்கு வேகமாக மாறியதில் அதற்கும் பங்கு உண்டு. இன்று ஏனோ அதைப் பற்றியே யோசித்துக்கொண்டிருந்தேன்.

டேப்பில் எடுத்தால் எடுத்த பொருளே அலமாரிக்குப் போகும். கார்டில் அப்படி இல்லை. இன்று எடுத்ததை நகல் எடுத்துவிட்டு, நாளைக்காக அசலை நாமே அழிக்கிறோம். ஷூட்டிங் நடக்கும் இடங்களில் தினமும் நடக்கிற வேலைதான். ஆனாலும் களைத்துப்போன இரவில், தப்பான கார்டின் மேல் விரல் போய்விடுமோ என்ற பயம் என்னை விடவில்லை.

அதனால் கார்டுகளை அழிப்பதே இல்லை. 20 மணி நேரத்துக்கு 2.2 டிபி. ஒரு வரிசைக்கு ஒன்பது கார்டு, இரண்டு வரிசைக்குப் பதினெட்டு. செலவு அதிகம்தான்.  இதுதான் முடிவு. எஃப்எக்ஸ்3.

ஜூன் 12

எஃப்எக்ஸ்3-இல் மின்விசிறி இருக்கிறது. பதிவின்போது நிறுத்திவைக்கலாம், ஆனால் நான் நிறுத்தப்போவதில்லை. குறைந்த வேகத்தில் வைத்து, மைக்கைப் பெரியம்மாவின் சட்டைப் பக்கம் கொண்டுபோனால் சத்தம் கேட்கவில்லை.

நகல் எடுக்கும் முறையையும் பழகினேன். கோப்பை இழுத்துப் போடுவது நகல் ஆகாது. எடிட்டிங் மென்பொருளான ரிசால்வில் இருக்கும் குளோன் வசதி, அசலிலிருந்தும் நகலிலிருந்தும் தனித்தனியாகச் செக்சம் என்ற சரிபார்ப்பு எண்ணை எடுத்து ஒப்பிடுகிறது. ஒரே ஒரு பிட் மாறினாலும் எண் முழுக்க மாறிவிடும். செக்சம் வகைகளில் எம்டி5 போட்டேன். ஹார்ட் டிஸ்க் என்பதால் நேரம் பிடிக்கிறது. எழுதி முடித்ததைத் திரும்பப் படித்தாக வேண்டும். படிக்கட்டும். ஒரு டிஸ்க் என்னிடம், ஒன்று தங்கை வீட்டில்.

ஜூன் 13

பூட்டுத் தாழ்ப்பாள். எஸ்டி கார்டின் இடப்பக்கம் நகம் அளவுக்கு இருக்கிறதே, அது. எடுத்து முடித்த கார்டை வெளியே எடுத்ததும் கீழே தள்ளு. எண் எழுது. சிவப்புப் பெட்டியில் போடு. அப்புறம்தான் தண்ணீர் குடி.

ஜூன் 14

முக்காலியின் உயரம் பார்க்கத்தான் பெரியம்மாவின் அறைக்குப் போனேன். ஃபோகஸ் பார்க்கக் கேமராவை ஓட விட்டிருந்தேன். அவர் நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். "எங்க பார்க்கணும், அந்தக் கண்ணாடியையா, உன்னையா?" என்றார். என்னைப் பாருங்கள் பெரியம்மா என்றேன். ஆரம்பித்துவிட்டார்.

கிரே கார்டு பைக்குள்ளேயே இருந்தது. சட்டை மைக் மாட்டவில்லை. கேமராவின் கைப்பிடியில் இருந்த மைக்தான். இருமிக்கொண்டே பேசினார். நான் இதுவரை கேட்டிராத பெயர்களெல்லாம் வந்தன. ஒரு மணி நேரம் 50 நிமிடம். இரண்டு கார்டு, இரண்டு சிவப்புப் புள்ளி, ஒன்றும் அணையவில்லை.

எடிட்டருக்கு முதல் பத்து நிமிடம் அனுப்பினேன். நிறத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. "அந்த இருமலை வெட்ட மாட்டேன்" என்று மட்டும் எழுதியிருக்கிறார்.

ஜூன் 15

செக்சம் இரண்டு டிஸ்கிலும் பொருந்துகிறது. ஆபரேஷன் தேதி மறுபடி மாறியிருக்கிறது, வியாழக்கிழமையாம். நாளை காலை வெளிச்சம் வருவதற்குள் போக வேண்டும். 3, 4 எண் கார்டுகளைப் பையில் வைத்துவிட்டேன். சார்ஜரில் இன்னும் ஒரு பேட்டரி